கோலம் போடும் இடத்தில் எண்ணெய்

அதை முதலில் பார்த்தவர் என் மாமியார். 2016 பிப்ரவரியில் ஒரு விடிகாலை, வாசல் தெளிக்கப் போனவர் அதே வேகத்தில் உள்ளே வந்தார். "உன் வண்டி ராத்திரி ஒண்ணுக்குப் போயிருக்கு, வந்து பாரு" என்றார். தண்ணீர் தெளித்த சிமென்ட் தரையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் வானவில் நிறத்தில் பரவியிருந்தது. அன்று கோலம் ஓர் அடி தள்ளிப் போடப்பட்டது.

வண்டி என்றால் டாடா ஏஸ். 2005இல் சந்தைக்கு வந்த அந்தச் சின்ன சரக்கு வண்டியை நம் ஊரில் குட்டி யானை என்றால்தான் தெரியும். அதில் மேற்குத் தாம்பரம், முடிச்சூர், பழைய பெருங்களத்தூர் பக்கம் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனிக் கணக்கில் அது முக்கால் டன் வண்டி. 20 லிட்டர் கேன் ஒன்று காலி எடையோடு சேர்த்து 21 கிலோ. கணக்குப் போட்டால் 35 கேன்தான் ஏற்றலாம். நாங்கள் 60 ஏற்றினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் என் தப்பும் இருக்கிறது.

வண்டி வாங்க முன்பணம் என் நகையை அடகு வைத்துக் கட்டியது. ஆர்சி புத்தகம் என் கணவர் பெயரில். அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. 2014இல் அவர் மாரடைப்பில் போனபிறகுதான் உறுத்தியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள், "அண்ணி, வண்டிய நான் பார்த்துக்கறேன்" என்றார் கொழுந்தனார். பார்த்துக்கொள்வது என்றால் விற்பது.

அப்போது நான் கற்றுக்கொண்ட சட்டத்தை இதைப் படிக்கும் பெண்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, இறந்த ஆண் உயில் எழுதாவிட்டால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். உடன்பிறந்தவர் அந்த வகுப்பில் இல்லை. வண்டியின் உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆக, வண்டி என் பெயருக்கு வர என் மாமியாரின் சம்மதம் தேவைப்பட்டது. மகன் ஒருபக்கம், மருமகள் ஒருபக்கம். அவர் எதுவும் பேசவில்லை. பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சோத்துக்கு வழி அதுதானே" என்றார்.

அதனால் அந்த எண்ணெய்க் கறை எனக்கு வெறும் கறை இல்லை. வண்டி படுத்தால், "நான் அப்பவே சொன்னேனே அண்ணி" என்ற வாக்கியம் வாசலில் வந்து நிற்கும்.

அப்போது வண்டி ஓட்ட ஒரு தம்பியை வேலைக்கு வைத்திருந்தேன். பழகிய மெக்கானிக் கடைக்கு அவனோடு நானும் போனேன். மெக்கானிக் கீழே குனிந்து பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்: "கிரவுன்ல பினியன் சீல் போயிருக்கு." காசு நான்தான் கொடுத்தேன், மீதிச் சில்லறையை அவனிடம் கொடுத்தார். மூன்று வாரத்தில் மறுபடி கறை. மறுபடி சீல். பங்குனி முடிவதற்குள் மூன்றாவது முறை. இந்தத் தடவை அவர் நிமிர்ந்து, அப்போதும் அவனைப் பார்த்தே, "கிரவுன் பினியன் செட்டே மாத்தணும். இருபத்திரண்டாயிரம் ஆகும். இல்லன்னா வித்துடச் சொல்லு" என்றார். நான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கிரவுன் என்று ஒர்க் ஷாப்பில் சொல்வது டிஃபரன்ஷியலை. பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டிருக்குமே, அதுதான். இன்ஜினின் சுழற்சி நீளமான ஒரு ராடு வழியாகப் பின்னால் வருகிறது. அதன் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்ப, சுழற்சி வலமும் இடமுமாகப் பிரிந்து இரண்டு சக்கரங்களுக்கும் போகிறது. தெருமுனையில் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் டயர் தேயும், வண்டி இழுக்கும். ஆளுக்கு ஒரு வேகம் என்று விட்டுக்கொடுக்கும் ஏற்பாடுதான் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். எல்லாம் கெட்டியான, கந்தக வாடை அடிக்கும் கியர் ஆயிலில் மூழ்கியிருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் உடையும்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தார். பத்து வருடமாகத் தினமும் பார்த்த முகம். ரயில்வேயில் வேலை என்று தெரியும். கணவர் பணியில் இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. டிக்கெட் கவுன்டரிலோ ஆபீசிலோ உட்கார்ந்திருப்பார் என்று தெருவே நினைத்திருந்தது. காலையில் இஸ்திரி போட்ட புடவையில் கிளம்புவார், மாலையில் அதே புடவையில் வருவார். அவர் தாம்பரத்தில் மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில், பெட்டிக்கு அடியில் பள்ளத்தில் நின்று வேலை செய்பவர் என்பது அந்த ஏப்ரல் மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஷெட்டுக்குப் போய் பேன்ட் சட்டை மாற்றிக்கொள்வாராம். "சொன்னா என்ன ஆகப்போகுது? என் பையனுக்குப் பொண்ணு பார்க்கும்போது, அம்மா கிரீஸ் அடிக்கறான்னு பேசுவாங்க" என்றார்.

வாசலில் நான் மண் போட்டு எண்ணெயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அக்கா நின்றார். தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"டிசம்பர் வெள்ளத்துல வண்டி எங்க நின்னுச்சு?"

"இங்கதான்க்கா. மூணு நாள்."

2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. படகில் ஆட்களை ஏற்றினார்கள். பிள்ளைகளையும் மாமியாரையும் மாடி வீட்டில் விட்டுவிட்டு, வண்டியின் சீட் வரை தண்ணீர் ஏறுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வடிந்தபிறகு இன்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றினார்கள். அதற்கே கடன். "அப்ப கிரவுன் ஆயில மாத்தினாங்களா?" என்று அக்கா கேட்டார். யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பையோடு வந்தார். அதில் அவருடைய சொந்த ஸ்பேனர்கள், ஒரு பழைய துணியில் சுற்றி. முதல் வேலையாகச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டைகளை ஆக்சிலுக்குக் கீழே கொடுத்தார். "ஜாக்கிய நம்பி அடியில போகவே கூடாது. ஜாக்கி தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு இல்ல."

அடியில் போவது. அதுதான் உண்மையான தடை. ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாதது பெரிய விஷயமில்லை. அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு 60 கேனை மாடிக்கு ஏற்றிய கை இது. ஆனால் பட்டப்பகலில் தெருவில் மல்லாந்து படுக்க வேண்டும். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தெருவில் போகிற ஒவ்வோர் ஆணும் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுப் போவான். ஆண் படுத்தால் மெக்கானிக். பெண் படுத்தால் என்னவென்று பெயர் வைக்கக்கூட வார்த்தை இல்லை, சிரிப்புதான் உண்டு. நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டுதான் வாசலுக்கே வரவேண்டும் என்று பழகிய உடம்பு, தரையில் முதுகைச் சாய்க்க மறுத்தது. இறந்தவரின் பேன்ட்டும் சட்டையும் பீரோவில் இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மாமியார் பார்த்தார். உள்ளே போனார். ஒரு பழைய புடவையோடு திரும்பி வந்து, தெருப்பக்கம் மறையும்படி வண்டியின் கொக்கிகளில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பது அக்காவின் முதல் பாடம். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும். எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றி உருண்டையையும் இரண்டு பக்கக் குழாய்களையும் தேய்த்துக் கழுவினோம். துடைத்துக் காயவைத்தோம். "பவுடர் இருக்கா?" என்றார். எந்த பவுடர் என்று விழித்தேன். "மூஞ்சிக்குப் போடறதுதான்." என் மகளின் டப்பாவைக் கொண்டுவந்து உருண்டை முழுக்கத் தூவினோம். வண்டலூர் உயிரியல் பூங்கா வரை ஓட்டிவிட்டு வரச்சொல்லி ஓட்டுநர் தம்பியை அனுப்பினோம். திரும்பி வந்தபோது, வெள்ளைப் பவுடரில் இரண்டே இடம் கறுத்திருந்தது: முன்பக்கம் பினியன் சீல் விளிம்பு, இடப்பக்கச் சக்கரத்தின் உள்பக்கம்.

இரண்டாவதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. சக்கரத்தின் பக்கம் கசிந்தால் ஆயில் பிரேக் டிரம்முக்குள் போகும். சில நாளாக பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தான். 60 கேனோடு, பள்ளி விடும் நேரத்தில், முடிச்சூர் சாலையில். மெக்கானிக் ஒருமுறைகூடச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை.

பிறகு அக்கா ஆக்சிலின் மேல்புறம் கையைவிட்டுத் துழாவினார். குழாயின்மேல் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி. காய்ந்த வண்டல் அதை மூடிச் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. ஸ்பேனரை வைத்து மெல்லத் தளர்த்தினார். "புஸ்" என்று ஒரு சத்தம்.

"கேட்டியா? இதுதான் உன் இருபத்திரண்டாயிரம்."

அதன் பெயர் பிரீதர், மூச்சுத் துளை. வண்டி ஓடினால் உள்ளே ஆயில் சூடேறும், காற்று விரியும். அது வெளியேற இந்த ஒரு துளைதான். அடைத்துக்கொண்டால் அழுத்தம் சேர்ந்து, இருப்பதிலேயே பலவீனமான இடத்தில், ரப்பர் சீலின் உதடு வழியாக, ஆயிலைத் தள்ளும். புதுச் சீல் போட்டாலும் மூன்று வாரம்தான் தாங்கும். சீல் குற்றவாளியே இல்லை. "நமக்கும் அப்படித்தானே" என்று சொல்லி அக்கா சிரித்தார். மாமியாரும் சிரித்தார். நான் அப்போது கீழே படுத்திருந்ததால் அவர்கள் கால்கள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

இரண்டாவது பாடம்: ஆயிலை வடிப்பதற்கு முன்னால் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். முழுக்க வடித்தபிறகு மேல்மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மேல்மூடி திறந்தது. கீழ்மூடியைத் திறந்தோம். விழுந்தது ஆயில் இல்லை, பால் காபி. வெள்ளத் தண்ணீர் நான்கு மாதமாக ஆயிலோடு கடைந்து கலந்திருந்தது. மெக்கானிக் சீல் மாற்றிய இரண்டு தடவையும் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை அந்தச் சேற்றில் விட்டு அலசினோம். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியது. "மாவு வந்தா தேய்மானம், அது இருக்கத்தான் செய்யும். துண்டு வந்தாதான் பல் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்." துண்டு எதுவும் இல்லை. ராடைக் கழற்றி, பினியனின் முகப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டம் இல்லை. ஆக, பல்லும் நன்றாக இருந்தது, பேரிங்கும் நன்றாக இருந்தது.

வேலை இரண்டு ஞாயிறு எடுத்தது. பினியன் நட்டைக் கழற்றும் முன் நட்டிலும் முனையிலும் ஆணியால் ஒரே கோடாகக் குறி போட்டோம். அந்த நட்டின் இறுக்கம்தான் உள்ளே பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. மறுபடி அதே குறிக்கு வர வேண்டும். சீல் உரசிய இடத்தில் ஒரு மெல்லிய வரி விழுந்திருந்தது. எமரித் தாளால் மழுக்கி, புதுச் சீலை அந்த வரியில் உட்காராதபடி ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி அடித்தோம். இடப்பக்கம் டிரம்மைக் கழற்றினால் பிரேக் கட்டை எண்ணெயில் ஊறியிருந்தது. அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றினோம். புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினோம், உள்ளே மிச்சமிருந்த ஈரமும் வரட்டும் என்று. மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள் முடிந்தது.

முடியவில்லை என்றும் சொல்ல வேண்டும். நான்காம் நாள் இடப்பக்கம் மறுபடி ஈரம். ஆக்சில் ராடை உள்ளே செலுத்தியது நான். அதன் முனையின் பற்கள் உரசி, புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிட்டேன். அழுகை வந்தது. அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். "இனிமே கிரீஸ் தடவி, ரெண்டு கையால ஏந்திப் போடு" என்றார். ஒரு சீலைக் கெடுக்கும் உரிமை எந்தப் பையனுக்கும் பட்டறையில் உண்டு. எட்டுச் சீலைக் கெடுத்துத்தான் அவன் மெக்கானிக் ஆகிறான். நமக்கு முதல் தடவையே சரியாக வர வேண்டும், இல்லையென்றால் "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்".

பிற்பாடு படிக்க ஆரம்பித்தபோது பெர்தா பென்ஸைப் பற்றித் தெரிந்தது. 1888இல் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மோட்டார் வண்டியில் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். இந்தச் சாகசத்தை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடிபட்டது வேறொன்று. திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்து கார்ல் பென்ஸின் பட்டறையைக் காப்பாற்றியவர் அவர். 1886 காப்புரிமை கணவர் பெயரில் இருக்கிறது. என் அடகு நகையும் ஆர்சி புத்தகமும் ஞாபகம் வந்தன.

தமிழ்நாட்டில் 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த வசந்தகுமாரியை "முதல் பெண்" என்று பாடம் போலச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் முதல் பெண்ணுக்கு மாலை போட்டுவிட்டு, நான்கு வீடு தள்ளி இஸ்திரி புடவையில் தன் தொழிலை ஒளித்துக்கொண்டு நடக்கும் பெண்ணை நமக்குத் தெரியாமலே போகிறது. அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது இருப்பதாகச் சொல்ல முடியாமல் இருக்கிறது.

மெக்கானிக் என்னை ஏமாற்றினாரா என்று இன்றும் எனக்கு உறுதியாகச் சொல்ல வராது. சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று தெரியும்: நான் குனிந்து பார்க்கமாட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வண்டி என் பெயரில் இருந்தது. ஆனால் அதன் அடிப்பாகம் என் பெயரில் இல்லை. பெயர் மாற்ற ஒரு படிவம் போதும். அடியில் படுக்க இரண்டு வருடம் ஆனது.

அடுத்த வருடம் நானே உரிமம் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். கேன் 45க்கு மேல் ஏற்றுவதில்லை. இன்னும் அதிகம்தான், குறைத்திருக்கிறேன். உதிரிபாகக் கடையில் இப்போதும், "யாரையாவது அனுப்புங்கம்மா, என்ன சீல்னு கரெக்டா சொல்லணும்" என்கிறார்கள். பழைய சீலை மேசைமேல் வைக்கிறேன். அதன் முகத்தில் அளவு எண் அச்சாகி இருக்கும். அதைப் படித்துச் சொல்கிறேன். அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். மகன் திருமணத்தில் மணப்பெண் வீட்டாரிடம், "கார் ஷெட்ல டெக்னீசியன்" என்று அவரே சொன்னதாகக் கேள்வி.

2023 டிசம்பர் 3 இரவு, மிக்ஜாம் புயல் மழை தொடங்கியதும் வண்டியை எடுத்துப்போய் மேட்டில் நிறுத்தினேன். இந்த முறையும் முடிச்சூர் மூழ்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வடிந்ததும், குடிக்கத் தண்ணீர் இல்லாத வீடுகளுக்கு அதே வண்டியில் கேன் கொண்டுபோனேன். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும் என்று தெரிந்தேதான் போனேன். ஒரு வாரம் கழித்து, ஒரு காலை வாசலில் கட்டை கொடுத்து, மூச்சுத் துளையைச் சுத்தம் செய்து, ஆயிலை வடித்தேன். கொஞ்சம் கலங்கியிருந்தது, பால் காபி அளவுக்கு இல்லை.

மாமியார் நாற்காலியில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். புடவை கட்டி மறைக்கும் வழக்கம் எப்போது நின்றது என்று ஞாபகமில்லை. தெருவில் ஒருவர் நின்று, "என்னம்மா, வண்டி ரிப்பேரா? மெக்கானிக் வரலையா?" என்றார்.

"வந்து அடியிலதான் கெடக்கு" என்றார் மாமியார். "உன் வண்டியில மூச்சு விடற ஓட்டை அடைச்சிருக்கான்னு பார்த்தியா?"